ஆமா அங்கிள், மெடிக்கல்தான்

நான் படித்தது நர்சிங். அரசாங்கப் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருஷ டிப்ளோமா. இந்த ஒரு வரியைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு மனிதர் தன் வலது பாதத்தில் பாதியை இழந்துவிட்டார்.

கிள்ளானில் மலிவு விலை ஃபிளாட் ஒன்றில் நாலாவது மாடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டினார். அம்மாவுக்குக் காப்பார் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவாள். நான் கடைசிப் பிள்ளை. தமிழ்ப் பள்ளியில் ஒரு நாள் டீச்சர் என்னவாகப் போகிறாய் என்று கேட்டபோது டாக்டர் என்று சொல்லிவைத்தேன். பக்கத்துப் பையன் போலீஸ் என்றான், அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் சொன்னது மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒட்டவைத்தவர் வேன் அங்கிள். எங்கள் பிளாக்கிலேயே கீழ் வீட்டில் மனைவியோடு இருந்தார், பிள்ளைகள் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பான ஃபோர்ம் ஃபைவ் வரைக்கும் அவருடைய பள்ளி வேனில்தான் போனேன். பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை நாளில் அடையாளக் கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து அழுகிற குரலில் சொன்னேன். வேன் நிறைய பிள்ளைகள். அவர் ஒரு வார்த்தை திட்டாமல் அடுத்த யூ டர்னில் திருப்பினார். "டாக்டர் சார் ஐ.சி. இல்லாம எப்படி உள்ள போவாரு?" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். ஹாலுக்குள் நான் நுழைந்தபோது இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

ரிசல்ட் வந்தது. மோசம் இல்லை, ஆனால் மருத்துவத்துக்குப் போகிற ரிசல்ட் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே, வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புகிற ஏஜென்ட் ஒருவர் ஆபீஸ் வைத்திருந்தார். அக்காவின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு ஏறினேன். டை கட்டியிருந்த அவர் என் ரிசல்ட்டைப் பார்த்து, "இது போதும் தம்பி, பாஸ் பண்ணிட்ட மாதிரிதான்" என்றார். முதலில் இங்கே ஒரு வருஷம், அப்புறம் அங்கே ஆறு வருஷம். கடைசியில் அக்காவிடம் திரும்பி, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்டார்.

படி இறங்கி வந்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ டாக்டராகணும்னா, நீ முடிக்கிற வரைக்கும் நாங்க மூணு பேரும் மூச்சு விடக் கூடாது. தெரியுதா?"

"மத்தவங்க எல்லாம் எப்படிப் போறாங்களாம்?"

"மத்தவங்கள விடு. உனக்கு மார்க் பத்தல. அதையும் வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லிடு."

நான் சொல்லவில்லை. அவள் கைப்பேசியை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள். முன்பே பார்த்து வைத்திருந்திருக்கிறாள். "அரசாங்கத்துல நர்சிங். ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல் இருக்கு, மாசம் அலவன்ஸ் வேற குடுக்கறாங்க. முடிச்சதும் அரசாங்க ஆஸ்பத்திரியில சில வருஷம் கட்டாயம் வேலை செய்யணும், அவ்வளவுதான். வேலை கையிலயே இருக்கு லா."

"மிஸி வேலையா?" என்றேன். எங்கள் பக்கம் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம். மிஸி என்றால் பொம்பளை.

"ஆம்பளைங்களையும் எடுக்கறாங்க. படிச்சுப் பாரு" என்றாள். அவளுக்கு நேரமாகிவிட்டது. சாப்பிடாமலே கிளினிக்குக் கிளம்பிப் போனாள்.

வேறு வழி இல்லாமல்தான் விண்ணப்பித்தேன். இன்டர்வியூவில் ஏன் நர்சிங் என்று கேட்டார்கள். நோயாளிகளுக்குச் சேவை செய்ய ஆசை என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். இடம் கிடைத்தது.

ஆஃபர் கடிதம் வந்த வாரம், ஃபிளாட்டுக்குக் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்த அங்கிள் என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த இரண்டு ஆன்டிகளும் அங்கே நின்றிருந்தார்கள்.

"என்ன தம்பி, இடம் கெடச்சிருச்சாமே? அப்பா சொன்னாரு. ஆஸ்பத்திரிப் படிப்பாம்?"

"ஆமா அங்கிள். மெடிக்கல் லைன்."

"மெடிக்கலா!" என்று கையிலிருந்த ஹோஸைக் கீழே போட்டார். தண்ணீர் எல்லார் செருப்பிலும் ஓடியது. "மெடிக்கல்தானே?"

அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. 'நர்சிங் அங்கிள்' என்று சொல்வதற்குப் போதுமான இடைவெளி. இரண்டு ஆன்டிகளும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆமா அங்கிள், மெடிக்கல்தான்."

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பிளாக்குக்கும் தெரிந்துவிட்டது. வேனில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமும், "என் வேன்ல போன பையன் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் திருத்தவில்லை. அவருக்கும் மகன் மிஸி என்று சொல்ல வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். அம்மா மட்டும் ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவர்களிடம், "என் மகன் நர்ஸுக்குப் படிக்கிறான், நாங்க செய்யற கையுறைய மாட்டிக்கிட்டுதான் வேலை செய்வான்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அது என் காதுக்கு வந்தபோது அவளிடம் மூச்சுவிடாமல் கத்தினேன். "உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் புறப்பட்டாள்.

கல்லூரியில் எங்கள் வகுப்பில் ஆண்கள் ஏழு பேர். முதல் மாதம் முழுக்க படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டோம். ஆள் படுத்திருக்கும்போதே அவரைப் புரட்டி, அடியில் இருக்கிற துணியை உருவி, புதிதை விரிக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. நோயாளி மாதிரி படுத்திருந்த வகுப்புத் தோழி, "உன் கை பயப்படாத கை" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்தப் படிப்பு பிடித்திருந்தது. பிடித்திருந்ததும் வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வார இறுதிகளில் சீருடையைப் பையின் அடியில் போட்டு, மேலே டி ஷர்ட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவேன்.

முதல் வருஷம் முடிகிற சமயம். சனிக்கிழமை மாலை கிள்ளான் வந்து இறங்கினேன். பிளாக்குக்குக் கீழே, வேனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கிள் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நேரத்துக்கு வந்த தம்பி. இதக் கொஞ்சம் பாரு" என்று வலது கால் செருப்பைக் கழற்றினார்.

பெருவிரலுக்கு அடியில், இருபது சென் காசு அகலத்துக்குப் புண். சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது.

"எப்ப அங்கிள் வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? வலியே இல்ல. சாக்ஸ் ஈரமா இருந்துச்சு, கழட்டிப் பார்த்தா இப்படி."

அவருக்குச் சர்க்கரை இருப்பது ஃபிளாட்டில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்புதான் வகுப்பில் இதைப் படித்தோம். சர்க்கரைக்காரர் காலில் புண் வந்து வலி இல்லையென்றால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று லெக்சரர் சொன்னார். நோட்டில் நான் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

"கிளினிக் போகலையா அங்கிள்?"

"அரசாங்கக் கிளினிக்குக்குப் போனா காலையிலேர்ந்து உட்காரணும். வேன யாரு ஓட்டறது? அதான் நம்ம வீட்டு டாக்டரே இருக்காரே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி, "ஒழுங்கா காட்டுங்க" என்று டார்ச்சைப் பிடித்தார்.

நான் குந்தி உட்கார்ந்தேன். காலைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் விரலால் அழுத்தினேன், டாக்டர்கள் அழுத்துவதைப் பார்த்திருந்த மாதிரி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரே வரி சொன்னால் போதும். ஆனால் டாக்டர் என்று நம்பிக் காட்டியவரிடம், எனக்குத் தெரியாது வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல அங்கிள். சலைன் தண்ணில கழுவி, கிரீம் போட்டுக் கட்டுங்க. ரெண்டு வாரத்துல ஆறிடும்."

மருந்துக் கடைக்கு நானே போய் எல்லாவற்றையும் வாங்கி வந்து கட்டியும் விட்டேன். கட்டு சுத்தமாக இருந்தது. அவர் மனைவி, "கை எவ்வளவு மெதுவா இருக்கு பாரு" என்றார்.

அவர் நான் சொன்னதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்திருக்கிறார். மாத்திரையை மறக்கிற மனுஷன் கட்டு மாற்றுவதை மறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஹாஸ்டலில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். புண் பெரிதாகியிருந்தது. ஒரு ஓரம் கறுத்திருந்தது. கீழே, 'டாக்டர் சார் இது ஓகேவா' என்று குரலில் ஒரு செய்தி, சிரிப்போடு.

அந்தக் கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு கதவு தள்ளி வார்டன் இருந்தார், பழைய நர்ஸ். அவரிடம் காட்டியிருக்கலாம். காட்டினால், இவருக்கு யார் வீட்டிலேயே கட்டச் சொன்னது என்று கேட்பார். படத்தை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, 'கட்டு மாத்திக்கிட்டே இருங்க அங்கிள், இந்த வாரம் வந்து பார்க்கிறேன்' என்று எழுதினேன்.

அந்த வாரம் நான் போகவில்லை. பரீட்சை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள். வேன் அங்கிளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட இடத்திலேயே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றைக்கே ஆபரேஷன். விரல்கள் ஐந்தையும் எடுத்து, பாதத்தின் முன்பாதியையும் எடுத்துவிட்டார்கள்.

"நீதான் கட்டு கட்டினியாமே?" என்றாள் அக்கா.

"முதல்ல சின்னதாதான் இருந்துச்சு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் வகுப்பைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வார்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கு ஆண்கள் சர்ஜிகல் வார்டு. அங்கிள் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்று தெரியும். வேறு வார்டாக இருக்கக் கூடாதா என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டாக்டர் சார்!" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டினார். "நான் சொல்லல? எங்க ஃபிளாட் பையன்."

அப்புறம் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் பெலாத்தே ஜுருராவாட் என்று இருந்தது. பயிற்சி நர்ஸ் என்று அர்த்தம். அவருக்கு மலாய் நன்றாகப் படிக்கத் தெரியும். உதட்டை அசைத்துப் படித்தார், இரண்டு தடவை.

ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் டிரெஸிங் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "இவருக்கு நீ செய், நான் பார்க்கறேன்" என்றார். கட்டைப் பிரித்தேன். அந்தக் காலை நான் பார்த்தாக வேண்டியிருந்தது. பெருவிரல் இருந்த இடத்தில் தையல் ஓடியது. அங்கிள் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டருக்குப் படிக்கலையா?"

"இல்ல அங்கிள். நர்சிங்."

"மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்து."

சலைனில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்திருந்தேன்.

"அப்ப அன்னிக்கு என் காலப் பார்த்தப்ப," என்றார், "இது இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது அங்கிள்," என்றேன். "அப்ப எங்களுக்கு இன்னும் சொல்லிக்குடுக்கல."

அவர் என் முழங்கையைத் தட்டினார். "சரி விடு. தெரியாமப் பண்ணது. சின்னப் பையன் நீ. நான்தான் கிளினிக் போயிருக்கணும்." பக்கத்துக் கட்டில்காரரிடம், "நர்ஸும் நல்ல வேலைதான் லா" என்றார். எனக்காகச் சொன்னார்.

கட்டி முடித்துவிட்டு ஸ்லூஸ் ரூமுக்குள் போய், பெட்பேன் கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கறுத்த ஓரத்தைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு அவர் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

அவரால் வேன் ஓட்ட முடியவில்லை. பிரேக் மிதிக்கிற கால். காப்பாரில் ஒருவர் வேனை வாங்கிக்கொண்டு போனார். அங்கிளுக்கு ஒரு கார் பார்க்கில் டிக்கெட் கவுன்டர் வேலை கிடைத்தது. ஃபிளாட்டில் யாரிடமும் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் போகிற போதெல்லாம் அவர் மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். அதைக் குடிப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டிப்ளோமா முடித்தேன். செலாயாங்கில் அறை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையில் சேர்ந்தேன். வார்டில் சர்க்கரைப் புண்கள் வந்துகொண்டே இருந்தன. "வலி இல்ல பிரதர், அதான் விட்டுட்டேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். வேலையில் சேர்ந்து ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானுக்குப் போய் அவர் கதவைத் தட்டினேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குள் வைக்கிற பஞ்சுத் துண்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

உட்காராமலே சொன்னேன். "அங்கிள், அன்னிக்கு ஆஸ்பத்திரியில தெரியாதுன்னு சொன்னேன். எனக்குத் தெரியும். காலப் பார்த்த அன்னிக்கே தெரியும். படம் அனுப்பினப்பவும் தெரியும். டாக்டர் இல்லன்னு தெரிஞ்சிடும்னுதான் சொல்லல."

கத்தரிக்கோல் நின்றது. மேல் வீட்டில் யாரோ மிளகாய் தாளிக்கிற நெடி வந்தது, இருமலை அடக்கிக்கொண்டேன்.

"தெரியாமப் பண்ணேன்னு நினைச்சிருந்தேன். அதனால எனக்குக் கோவம் வரல," என்றார். "இப்ப வருது."

"மன்னிச்சிடுங்க அங்கிள்."

"இத ஏன் இப்ப வந்து சொல்ற? உன் மனசு லேசாகறதுக்கா?"

அதுவும் உண்மைதான்.

"போ," என்றார்.

போயிட்டு வா என்று சொல்லவில்லை. பதினோரு வருஷம் பள்ளி வாசலில் இறக்கிவிடும்போதெல்லாம் போயிட்டு வா என்று சொன்ன மனுஷன். படி ஏறி எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா என்னடா ஆச்சு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் நர்ஸுன்னு சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதத்துக்குள் ஃபிளாட் முழுக்க விஷயம் பரவியது. யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. இப்போது வேறு வேனுக்குக் காத்திருக்கிற ஆன்டிகள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. போன ஏப்ரலில் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பயந்துகொண்டே எடுத்தேன்.

"செராஸ்ல என் தம்பி மகள் எஸ்.பி.எம். முடிச்சிருக்கா. காசு கட்டிப் படிக்க வைக்க அவன்கிட்ட வழி இல்ல. அந்த நர்ஸ் படிப்பப் பத்திக் கேட்கறா. ஞாயித்துக்கிழமை இங்க வருவா. வந்து சொல்லு. உள்ளத உள்ளபடி சொல்லு."

போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் வைக்கவில்லை. அந்தப் பெண் நோட்டும் பேனாவுமாக இருந்தாள். என்னென்ன பாடத்தில் கிரெடிட் தேர்ச்சி வேண்டும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், முடித்தபின் எங்கே தூக்கிப் போட்டாலும் போயாக வேண்டும், வேலையில் சேர்ந்தால் தீபாவளி அன்றைக்குக்கூட ஷிஃப்ட் வரலாம், பெட்பேன் எடுப்பதற்கு முகம் சுளிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்கலாமா? என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் டிகிரிக்குப் போறாங்க. நர்ஸுக்குப் படிக்கிறேன்னு சொன்னா அவமானமா இருக்குமா?"

நாற்காலியின் பக்கம் நான் பார்க்கவில்லை.

"எனக்கு இருந்துச்சு," என்றேன். "அதனால பொய் சொன்னேன். உங்க பெரியப்பா கால் போனதுக்கு அந்தப் பொய்தான் காரணம். படிப்புல ஒரு அவமானமும் இல்ல."

அவள் பெரியப்பாவின் பாதத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கிள் தொண்டையைச் செருமினார். "ஃபாரம் எப்ப க்ளோஸாகுது?" என்று கேட்டார். என்னிடமா அவளிடமா என்று தெரியவில்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப இங்கயே உட்கார்ந்து போட்டுடுங்க, ரெண்டு பேரும்," என்றார்.

போட்டோம். அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் சேர்ந்து இப்போது மூன்றாவது மாதம். படுக்கை விரிக்க நன்றாக வருகிறதாம்.